ராணியின் முழங்கால்

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் அவளைத் துணிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அனிமேஷன் படங்களில் பாவாடை எப்படி மடியும், சால்வை எப்படிச் சரியும் என்று கணக்குப் போட்டு நிரல் எழுதுவது அவள் வேலை. பதினொரு வருடமாக அதே மூலை, அதே கைப்பிடி உடைந்த நாற்காலி. துறைத்தலைவருக்கோ நிரல் எழுதுவது மறந்தே போயிருந்தது. மனிதருக்கு மறக்காத ஒரே வித்தை, அடுத்தவர் கட்டுரையின் தலையில் தன் பெயரை ஒட்டுவதுதான். அப்படி ஆறு கட்டுரைகள் போயின. அவளுக்குக் கிடைத்தது, கடைசிப் பக்கத்தில் "கூட உழைத்தவர்களுக்கு நன்றி".

இந்த முறை ஒரு படக்கம்பெனிக்காக, நீளக் கவுன் போட்ட கிழட்டு ராணி நாற்காலியில் உட்கார வேண்டும். கால் மடங்கும்போதெல்லாம் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவில் துணி சிக்கிக்கொண்டு, பேய் பிடித்ததுபோல் துடித்தது. துணிக்காரி மாமியாருக்கு ஒரு கவுனை மாட்டிவிட்டு, நாற்பது தடவை உட்காரவைத்துப் படம் பிடித்தாள். "இதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே மாமியாரும் உட்கார்ந்து எழுந்தார்.

கடைசியில் அவள் ராணியின் முழங்காலையே வெட்டி எறிந்தாள். அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உருண்டையை வைத்து, கால் மடங்க மடங்க அதை நகரவிட்டாள். துணி சொன்னபடி கேட்டது. இதையெல்லாம் கட்டுரையாக எழுதித் தலைவரிடம் கொடுத்தாள். அந்த மகானுபாவர் அதைப் படிக்கவில்லை. மேலே இருந்த அவள் பெயரைக்கூடப் பார்க்காமல் அழித்துத் தன் பெயரைப் போட்டதோடு சரி. பெயர் இருந்தால்தான் வெளியே எங்கேயாவது வேலை கேட்க முடியும் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். "உனக்கு எதுக்கும்மா பேரு? வேலை நடந்தா போதாதா?" என்றார். மறுநாள் மாலை ஐந்து மணிக்குக் கட்டுரை ஆய்விதழுக்குப் போக வேண்டும்.

மறுநாள் மதியம் படக்கம்பெனியின் இயக்குநர் அம்மா வந்தார். ராணி அழகாக உட்கார்ந்தாள். கவுனை மறைத்துவிட்டுக் காலைக் காட்டச் சொன்னார் அந்த அம்மா. தலைவர் தாராளமாகப் பொத்தானைத் தட்டினார். திரையில் தொடை இருந்தது, கெண்டைக்கால் இருந்தது, நடுவில் வெறும் காற்று. தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. சட்டென்று துணிக்காரியைக் கைகாட்டி, எல்லாம் இவள் செய்த கோளாறு என்றார்.

"கோளாறா? எங்க ஆளுங்க ரெண்டு வருஷமா முட்டி மோதற இடம் சார் இது. யார் யோசனை?"

"என்னோடதுதான்," என்றார் தலைவர், நாக்குக் கூசாமல். அதே வாய், அரை நிமிடம்கூட ஆகவில்லை.

முழங்காலே இல்லாமல் துணி எப்படி அங்கே சரியாக மடிகிறது என்று அந்த அம்மா விடாமல் கேட்டார். தலைவர் திருதிருவென்று விழித்தார். பிறகு துணிக்காரி பக்கம் திரும்பி, பதினொரு வருடத்தில் முதல்முறையாக மரியாதை பொங்க, "நீங்களே சொல்லுங்கம்மா," என்றார்.

"அஞ்சு மணிக்குப் போற கட்டுரையில என் பேரே இல்லையே சார். உங்க கண்டுபிடிப்பை நான் எப்படிச் சொல்றது?"

இயக்குநர் அம்மா தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் அத்தனை பேர் முன்னாலும் கட்டுரையைத் திறந்தார். தன் பெயருக்கு மேலே ஒரு வரி இடம் விட்டார். விரல் அப்படியே நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார்.

"பேரு என்னன்னு போடணும்?"