பல் விளக்கிவிட்டுக் கொடுத்த சளி

1979இல் ஆடித்தபசுத் திருவிழா முடிந்து, கோமதியம்மன் கோயிலைச் சுற்றிப் போட்டிருந்த கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் மதினிக்கு வந்திருப்பது சும்மா இருமல் இல்லை என்று வீட்டில் ஒப்புக்கொண்டோம். சித்திரையிலிருந்தே அவள் இருமிக்கொண்டிருந்தாள். தறி ஓடுகிற வீட்டில் பஞ்சுத்தூசி தொண்டையில் படத்தான் செய்யும் என்று அண்ணன் சொல்லிவந்தான். சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. ரவிக்கையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாகிவிட்டது. அதற்கும் அண்ணன் ஒரு காரணம் வைத்திருந்தான்: வெயில்.

அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, முதல் கேள்வியாக, “வீட்டுல சின்னப்பிள்ளை இருக்கா?” என்றார்.

இருந்தது. நடக்கப் பழகி ஓடத் தொடங்கியிருந்த பெண்குழந்தை. காசநோயாக இருக்கலாம், டெஸ்டு முடிவு தெரிகிறவரை பிள்ளையைத் தனியாக வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டார். நாங்கள் அதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தோம். அன்றைக்கே என் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மதினி வாசல்வரை வந்து நின்றாள், தெருவில் இறங்கவில்லை.

அண்ணன் தறியை விட்டு வர முடியாது. காரணம் அது மட்டுமில்லை. அந்த நோயின் பெயரை ஆஸ்பத்திரியில் வைத்துக் கேட்க அவனுக்குப் பயம். அதனால் மதினியைக் கூட்டிக்கொண்டு அலைந்தது நான்தான். வைத்தியப் புத்தகம் உட்படக் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. வழியெல்லாம் மதினி அதை வைத்தே சீண்டினாள்.

“என்ன கொழுந்தனாரே, உங்க புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு? நான் இருப்பேனா, உங்க அண்ணனுக்கு வேற பொண்ணு பாக்கணுமா?”

“அவனுக்கு யாரு கொடுப்பா?”

“அதுவும் சரிதான். அப்ப நான் இருந்துதான் ஆகணும்.” சிரிக்கப்போய் இருமல் வந்து, மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் பார்த்தது இ.எஸ்.ஆர். என்கிற ரத்தப் பரிசோதனை. எடுத்த ரத்தத்தை உறையாமல் இருக்க மருந்து கலந்து, ஒல்லியான கண்ணாடிக் குழாயில் செங்குத்தாக நிறுத்திவைக்கிறார்கள். சிவப்பணுக்கள் மெல்ல அடியில் இறங்க, மேலே வெளிறிய நீர் தெளிகிறது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்பதுதான் கணக்கு. உடம்பில் எங்கேயாவது அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும். மதினியின் ரத்தம் வேகமாகத்தான் இறங்கியிருந்தது. ஆனால் அதை வைத்து இன்ன நோய் என்று சொல்ல முடியாது. மூட்டுவாதத்துக்கும் ஏறும், சீழ்க்கட்டிக்கும் ஏறும், பிள்ளை உண்டானாலும் ஏறும். தெருக்கோடியில் புகை தெரிகிறது; எந்த வீடு என்று தெரியாது, அடுப்பா தீயா என்றும் தெரியாது. அவ்வளவுதான் அதனிடம் எதிர்பார்க்கலாம்.

அடுத்தது சளி. மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து, “காலையில சளி எடுத்து இதுல கொண்டாங்க” என்றார்கள். மறுநாள் மதினி குளித்து, தலையில் பூ வைத்து, கோமதியம்மன் சன்னதிக்குப் போகிறவளைப் போல டப்பாவை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டாம் நாள் சீட்டு கிடைத்தது. காசநோய்க் கிருமி காணப்படவில்லை.

அந்தச் சீட்டை அண்ணன் தெருவிலேயே வாங்கிப் படித்தான். “நான்தான் சொன்னேம்லா, பஞ்சுதான்னு” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான். அவன் கண் கலங்கியிருந்தது. என் மனைவி குழந்தைக்குப் பவுடர் போட்டு, கொண்டுபோய் விடத் தயாராக நின்றாள்.

டாக்டரம்மா விடவில்லை. “கிருமி இல்லைன்னு போடலை. காணலைன்னு போட்டிருக்கு. இருமல் அப்படியே இருக்கே, எடையும் ஏறலையே” என்று சொல்லி, எக்ஸ்ரே எடுத்துவரத் திருநெல்வேலிக்கு அனுப்பினார். குழந்தையின் துணிப்பை எங்கள் வீட்டுக் கொடிக்கே திரும்பிப் போனது.

எக்ஸ்ரே படத்தை டாக்டரம்மா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். காற்று இருக்கிற இடம் கறுப்பு, எலும்பு வெள்ளை. வலது பக்கம் கழுத்தெலும்புக்குக் கீழே, கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் வெண்மை தெரிந்தது. அது பழைய தழும்பாகவும் இருக்கலாம், வேறு சளிக்கட்டாகவும் இருக்கலாம் என்றார். நெஞ்சுக்குள் ஏதோ இருக்கிறது என்பதைப் படம் காட்டும்; அது என்ன என்பதைப் பல நேரம் சளிதான் சொல்ல வேண்டும். படத்தை இறக்கிவிட்டு மதினியைப் பார்த்தார்.

“ஏம்மா, அன்னைக்கு டப்பாவுல என்ன கொண்டு வந்தீங்க?”

“சளிதான், டாக்டரம்மா.”

“எப்படி எடுத்தீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க.”

மதினி சொன்னாள். டப்பாவை வெந்நீர் ஊற்றிக் கழுவிக் காயவைத்தாள். பல் விளக்கினாள். உப்புத்தண்ணீரில் நாலு தடவை கொப்பளித்தாள். குளித்துவிட்டு வந்து, டப்பாவில் துப்பினாள்.

“விடிகாலையில இருமுவீங்களே, அப்ப வர்றது?”

“அது மஞ்சளாக் கெட்டியா வருது. அதைப் புறவாசல்ல துப்பி, சாம்பல் போட்டு மூடிருவேன். எங்க வீட்டு ஆளு கண்ணுலகூடப் படவிடமாட்டேன்.”

“அதைத்தானம்மா நான் கேட்டேன்!”

மதினி உண்மையிலேயே திகைத்துப்போனாள். “அந்த அசிங்கத்தையா? அதை எப்படி ஒரு மனுசர் கையில கொடுக்க? அவரு அதைத் தொட்டு, கண்ணுகிட்ட வச்சுப் பாக்கணுமில்லா?”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எங்கள் தெருவில் விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுத்தாலும் டம்ளரைத் துலக்கித்தான் கொடுப்போம். மதினி ஆஸ்பத்திரிக்கும் அதே மரியாதையைச் செய்திருந்தாள். அவர்கள் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் தேடிப் பார்த்தது அவள் வாயில் ஊறிய எச்சிலை. அதில் கிருமி காணாததில் வியப்பில்லை.

“வீட்டுல அழுக்குன்னு ஒதுக்குறது இங்க எங்களுக்குச் சாட்சி. ராத்திரியெல்லாம் நெஞ்சுல தேங்கி, காலையில முதல்ல வர்றதுதான் வேணும். மூச்சை நல்லா இழுத்து, அடியிலேர்ந்து இருமி எடுங்க. வெறும் தண்ணியில வாயைக் கொப்பளிச்சா போதும். ஆனா வீட்டுக்குள்ள வேண்டாம், திறந்தவெளியில போய் இருமுங்க.”

அன்றே ஒன்று எடுக்கச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றோம். பக்கத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு இரண்டு ஆண்கள். மதினிக்கு இருமலே வரவில்லை. நாள் முழுக்க விடாத இருமல் அப்போது பார்த்து ஒளிந்துகொண்டது.

“நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க.”

திரும்பினேன்.

“குடையை விரிச்சுப் பிடிங்க.”

மேகமே இல்லாத நாளில் குடையை விரித்து, அவளுக்கும் அந்த ஆட்களுக்கும் நடுவே பிடித்தேன். “என்ன அண்ணாச்சி, மழையா?” என்றார் ஒருவர். பின்னாலிருந்து மதினி சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பே இருமலாக மாறி, நெஞ்சின் அடியிலிருந்து வந்துவிட்டது.

அந்தச் சளியில் கிருமி இருந்தது. மறுநாள் விடிகாலைச் சளியிலும் இருந்தது. நீலப் பின்னணியில் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும் என்று சொன்னார்கள். அண்ணன் தறியை நிறுத்திவிட்டு நடையில் உட்கார்ந்துவிட்டான். மதினி அவனைப் பார்த்து, “எந்திரிங்க. இப்பத்தான் ஆளைப் பிடிச்சிருக்கு. பிடிபடாம இருந்தப்பதான் பயப்படணும்” என்றாள்.

ஆவணியில் ஊசியும் மாத்திரையும் தொடங்கின. அண்ணனையும் பரிசோதித்தார்கள். குழந்தையின் கையில் தோலுக்குள் ஊசி போட்டு, மூன்றாம் நாள் தடிப்பை அளந்தார்கள். கிருமி உடம்புக்குள் போயிருந்தால் அந்த இடம் பெரிதாகத் தடிக்கும். குழந்தைக்குத் தடிக்கவில்லை. அந்தச் செய்தியை வாசலில் நின்று சொன்னபோதுதான் மதினி முதல்முறையாக அழுதாள். குழந்தை அதற்குள் ராத்திரியில் என் மனைவியின் சேலையைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்கும் என்றாகியிருந்தது. இதை நாங்கள் மதினியிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

புரட்டாசி பாதி கழிந்ததும் டாக்டரம்மா, இருமல் அடங்கி எடையும் ஏறிவிட்டது, பிள்ளையைக் கூட்டிவரலாம் என்றார். மதினி நாற்காலியை விட்டு எழவில்லை.

“இன்னொரு தடவை சளி பாத்திருங்க, டாக்டரம்மா. அப்புறம் கூட்டிக்கிடுதேன்.” பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். “விடியுமுன்ன எடுத்தது. பல்லு விளக்கலை.”

முடிவு வந்தது. அதே வார்த்தைகள்: கிருமி காணப்படவில்லை. இந்தத் தடவை அண்ணன் என் தோளை உலுக்கவில்லை. “சரியான சளிதானே கொடுத்தா?” என்று என்னிடம் மெல்லக் கேட்டான். மருந்து இன்னும் ஒரு வருடத்துக்குமேல் பாக்கி இருந்தது. அதில் ஒருநாளும் தவறவிடக் கூடாது என்று டாக்டரம்மா அவனிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் கூட்டிப்போனோம். அது மதினியைப் பார்த்ததும் என் மனைவியின் பின்னால் ஒளிந்துகொண்டது. என் மனைவி, “ஏட்டி, அம்மாட்டப் போ” என்று முன்னால் தள்ளப்போனாள். மதினி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். வாசற்படியில் உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, பூக்கட்டத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் பொறுத்து, குழந்தை தானாக நடந்து வந்து, உதிர்ந்து கிடந்த ஒரு பிச்சிப்பூவை எடுத்து அவள் மடியில் போட்டது.

மதினி அப்போதும் திரும்பவில்லை. “இன்னொண்ணு எடுத்துக் கொடு, மக்கா” என்றாள்.