டப்பட் சத்தம் என்று நான் முடிவு செய்த சத்தம்

மனைவிக்கு இடமாற்றக் கடிதம் வந்த வாரத்தில்தான் அவளுடைய மோட்டார் சைக்கிளும் சத்தம் போடத் தொடங்கியது. நூறு சீசீ எஞ்சின், பன்னிரண்டு வருடப் பழசு. நிறுத்தி வைத்து ஓடவிட்டால் டக டக டக என்று, தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் கேட்கும்.

திங்கட்கிழமை காலை அவள் சொறிக்கல்முனைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியையாகப் பொறுப்பேற்க வேண்டும். மருதமுனையிலிருந்து கல்முனைக்குப் போய், ஆற்றின் குறுக்கே போகும் கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே போகிற பாதை. அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. ஏழரைக்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போடுவார்கள். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தி வந்தவர். முதல் நாளே கோட்டுக்குக் கீழே போக அவள் தயாராக இல்லை. தன் தம்பியின் வண்டியில் பின்னால் ஏறிப் போகவும் தயாராக இல்லை.

"புதுப் பள்ளிக்கூடம். சின்னப் புள்ள மாதிரி ஆரும் கொண்டு போய் இறக்கிவிட்டா நல்லாவா இரிக்கும்? நானே மோட்டார் சைக்கிள ஓடிட்டுப் போகணும்," என்றாள். "சனிக்கிழம கராஜுக்குக் குடுப்பமா?"

ஓம் என்று சொல்லியிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. "நானே பாக்கிறன்," என்றேன்.

இந்தத் துணிவுக்கு ஒரு காரணம் உண்டு. பத்திரிகையில் வேலை செய்த காலத்தில் இரண்டு வருடம் வாரமலரின் வாகனப் பராமரிப்புப் பகுதியை நான்தான் எழுதினேன். எழுதினேன் என்பதைவிட மொழிபெயர்த்தேன் என்பது சரி. அந்த இரண்டு வருடத்தில் ஒரு ஸ்பனரைக்கூடக் கையில் எடுத்ததில்லை. நன்றி தெரிவித்து வாசகர்கள் கடிதம் போட்டார்கள். அவர்களுடைய வண்டிகள் என்னவாயின என்று நான் விசாரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்ததும் வேலையைத் தொடங்கினேன். தொடங்கியது எஞ்சினில் அல்ல, குறிப்புப் புத்தகத்தில். எப்போது சத்தம் வருகிறது, சூடாவதற்கு முன்பா பின்பா, முறுக்கினால் கூடுகிறதா என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஸ்குரூ ட்ரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். எங்கே வைத்தாலும் கேட்டது. அதையும் எழுதினேன். பிறகு சாட்சியை விசாரித்தேன்.

"நான் ஓடக்குள்ள பெரிசா ஒண்டும் கேக்கல்ல," என்றாள் மனைவி. "நீங்க வளவுக்குள்ள நிப்பாட்டி வெச்சு முறுக்கக்குள்ளதான் கத்துது."

'ஓட்டுபவருக்குச் சத்தம் பழகிவிட்டது' என்று குறித்துக்கொண்டேன். இருபது வருடம் பிறர் சொன்னதை அப்படியே எழுதிப் பிழைத்தவன், வீட்டில் ஒருவர் சரியாகச் சொன்னதை அன்றைக்குத் திருத்தி எழுதினேன்.

என் முடிவு: டப்பட். எஞ்சினின் தலையில் காற்றையும் புகையையும் திறந்து மூடும் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. அவற்றை அமுக்கும் சிறிய துண்டுதான் டப்பட். அதற்கும் வால்வுக்கும் நடுவே ஒரு தாள் அளவு இடைவெளி இருக்கவேண்டும். கூடினால் சத்தம் வரும். என் பகுதியில் ஆக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வியே இதுதான். ஆக அதிகமாக நான் சொன்ன பதிலும் இதுதான்.

சனிக்கிழமை காலை முற்றத்தில் சாக்கை விரித்து, எஞ்சினின் இரண்டு வட்ட மூடிகளையும் கழற்றினேன். எஞ்சினின் பக்க மூடிக்குள் இருக்கும் சில்லைச் சுற்றி, அதிலுள்ள கோட்டை அடையாளத்துக்கு நேராக நிறுத்தினேன். டப்பட் இரண்டும் இறுக்கமாக நின்றன, இடைவெளியே இல்லை. அது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. இளக்கி, அளவுத் தகட்டை விட்டுப் பார்த்து, மறுபடி பூட்டினேன். மூன்று மணி நேரம். கராஜில் இது கால் மணி நேர வேலை என்று என் பகுதியிலேயே எழுதியிருக்கிறேன்.

உதைத்தேன். ஆறாவது உதையில் எஞ்சின் ஓடியது. பழைய சத்தம் கேட்கவில்லை. அதைக் கேட்கவிடாமல் அதன்மேல் ஒரு புதுச் சத்தம் கிளம்பியிருந்தது. அடுத்த வீட்டு வளவுக் கோழிகள் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடின.

மனைவி சமையலை விட்டுக் குசினியிலிருந்து வந்தாள். "உம்மா சொல்றா, எஞ்சின் இல்லயாம்."

இங்கே மாமியைப் பற்றிச் சொல்லவேண்டும். கல்யாணம் முடித்து நான் வந்து சேர்ந்த வீடு இது. மனைவியின் உம்மாவும் இங்கேதான் இருக்கிறார். பத்தொன்பது வருடமாக அவர் என்னோடு நேரே ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கோபம் ஒன்றுமில்லை. அவருடைய காலத்து மாமிமார் மருமகன்மாரோடு முகம் பார்த்துக் கதைக்கமாட்டார்கள், அவ்வளவுதான். எனக்குப் பிடித்த மீனை எடுத்து வைப்பார், எனக்குக் காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவிப்பார், சொல்லவேண்டியதை மகளிடம் சொல்வார். மகள் அதை என்னிடம் கொண்டுவருவாள்.

"எஞ்சின் இல்லாம வேற என்ன? ஹோர்ன்லயா டக டக எண்டு சத்தம் வருது?" என்றேன். பதில் குசினிக்குப் போனதா என்று தெரியாது. போயிருக்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அதே கதை. இரண்டாம் முறையும் கழற்றி, அதே கோட்டில் நிறுத்தி, அதே அளவுக்குப் பூட்டினேன். அதே சத்தம் வந்தது. பத்து மணிக்கு மனைவி சாக்கின் ஓரத்தில் வந்து நின்றாள். குரல் உயரவில்லை.

"இஞ்ச பாருங்க, ஒரு சொல்லுச் சொல்லுங்க. நாளைக்கு இது ஓடுமா, இல்ல தம்பிக்கிட்டக் கேக்கவா?"

அவளுடைய கையில் புதுப் பாடக்குறிப்புப் புத்தகம் இருந்தது. உறை போட்டு, புதுப் பள்ளிக்கூடத்தின் பெயரையும் எழுதி முடித்திருந்தாள். அப்போதுதான் எனக்கு முதன்முதலாக வெட்கமாக இருந்தது.

"நேத்து உம்மா சொன்னத அப்படியே சொல்லு," என்றேன். "ஒரு சொல்லும் விடாம."

அவள் வாயைத் திறக்கும் முன் குசினித் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மகளுக்குச் சொன்னதுதான், ஆனால் தெருவுக்கே கேட்கும்படி.

"ஒன்ட மாப்பிள்ளைக்கிட்டச் சொல்லு. நீ காலையில ஏறிக் குந்தின உடன சத்தம் நிக்குது. காலக் கீழ வெச்சாத் திரும்ப வருது. எஞ்சினுக்குள்ள நோவெண்டா நீ குந்தினா என்ன, எழும்பினா என்ன? ஒன்ட செருப்புக்குக் கிட்டத்தான் என்னமோ இளகிக் கெடக்கு. தறியில ஆணி இளகினாலும் இப்பிடித்தான். மிதிச்சாச் சத்தமில்ல, விட்டாக் கத்தும்."

மாமி முப்பது வருடம் தறியில் இருந்தவர். என்னிடம் இருந்தது ஒன்றரைப் பக்கக் குறிப்பு.

"நேத்தும் இவ்வளவும் சொன்னாவா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"ஓம். அதுக்கு முன்னால உங்களப் பத்தி ஒண்டு சொன்னா. அத உங்களுக்குச் சொல்லேலாது. அதோட சேத்து மத்ததையும் வெட்டிட்டன்."

"என்ன சொன்னா?"

"இப்பவும் சொல்லேலாது."

கோபப்பட எனக்கு உரிமையில்லை. நிருபர்களின் செய்திகளில் கடைசிப் பந்தியை வெட்டுவதுதான் பல வருடம் என் தொழில். செய்தி அந்தப் பந்தியில் இருந்ததா என்று அநேகமாக அடுத்த நாள்தான் தெரியவரும்.

குனிந்து பார்த்தேன். இடது கால் வைக்கும் இடத்துக்குப் பின்னால், செயினை மூடும் தகரக் கவரின் முன்பக்க நட்டைக் காணவில்லை. உப்புக் காற்றில் துருவேறிய போல்ட் மட்டும் நின்றது. கவரை விரலால் தட்டினேன். டக டக. இதே சத்தம்தான். அவள் ஏறி அமர்ந்தால் செருப்பின் குதி அதை அழுத்திக்கொள்கிறது, இறங்கினால் விட்டுவிடுகிறது. முக்குக் கடையில் ஒரு நட்டும் வாஷரும் வாங்கி வந்து இறுக்கினேன்.

வண்டியின் பழுது அதோடு முடிந்தது. மிச்சமிருந்தது என்னுடைய பழுது. கராஜ்காரப் பையனுக்குக் கோல் எடுத்து, ஃபோனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்தேன். என்னை அவன் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான்.

"காக்கா, இதுக்கு ஆரு டப்பட் செட் பண்ணின?"

"ஒரு ஆள்."

"தெரிஞ்ச ஆளா?"

"ஓரளவு தெரியும்."

"அந்தாள இனி வளவுக்குள்ள எடுக்காதீங்க. கோடு நேருக்கு வந்தா மட்டும் போதாது. ரெண்டு டப்பட்டும் கையால ஆட்டக்குள்ள இளக்கமா இரிக்கணும். இறுகி நிண்டா இன்னொரு சுத்துச் சுத்தி, அதுக்குப் புறகுதான் அளவு வெக்கிற. இல்லாட்டி இடைவெளி கூடிக் கத்தும். பேப்பர்ல வாசிச்சிட்டுச் செஞ்சிரிப்பான் போல. அப்பிடிக் கொஞ்சப் பேர் முந்தியும் இஞ்ச வந்திரிக்கானுகள்."

"சொல்லிவிடுறன்," என்றேன்.

இன்னொரு சுற்றுச் சுற்றினேன். இரண்டும் இளகின. அளவு வைத்துப் பூட்டி உதைத்தபோது முதல் உதையிலேயே எஞ்சின் ஓடியது. அந்தச் சீரான ஓட்டத்தை நம்பாமல் பின்னேர அஸர் தொழுகை வரைக்கும் நான்கு முறை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை ஆறரைக்கு மனைவி வண்டியில் ஏறினாள். ஏறியவள் இரண்டு கால்களையும் கீழே வைத்து, தலையைச் சரித்து ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமி குசினி வாசலுக்கு வந்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு அவரும் கேட்டார். "போ மகள், பிஸ்மில்லாஹ் சொல்லிட்டுப் போ," என்றார். அவள் போய்விட்டாள்.

வளவில் நாங்கள் இரண்டு பேரும்தான் மிஞ்சினோம். நடுவில் ஆள் இல்லை. மாமி மதில் பக்கம் திரும்பினார்.

"தேத்தண்ணி மேசையில கெடக்கு. ஆறப்போகுது," என்று மதிலிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஏழு இருபதுக்கு ஃபோன் அடித்தது. "கோட்டுக்கு மேல வெச்சிட்டன். வழியில சத்தம் ஒண்டும் இல்ல," என்றாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அவள் வைத்த பிறகுதான், இதை உள்ளே சொல்ல என்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்பது உறைத்தது. கோப்பையைப் பார்த்துக்கொண்டு, குசினிக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னேன்:

"நேரத்துக்குப் போய்ச் சேந்திட்டாவாம். வழியில சத்தம் ஒண்டும் இல்லயாம்."

திரைக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் ஓசை நின்றது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் மாமி. அது அல்லாஹ்வுக்குச் சொன்னது. என்னோடு அவர் இன்னும் கதைக்கவில்லை.