ஜன்னல் இல்லாத அறை

பொங்கோல் பகுதியில் நான் இப்போது இருக்கும் வீட்டின் கண்ணாடிக் கதவை இன்று மதியம் சுமத்ரா பக்கமிருந்து வந்த பெருங்காற்று உலுக்கியதும், சிறுவயதில் நாங்கள் இருந்த உட்லண்ட்ஸ் வீடு நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது, தங்கை மலருக்கு நான்கு. காற்று இரைந்தால் அப்பா பூந்தொட்டிகளை உள்ளே இழுத்துவைத்துவிட்டு, எங்களை ஜன்னலே இல்லாத சாமான் அறைக்குள் கூட்டிப்போவார். அங்கே வெங்காய வாடை அடிக்கும். மலர் அவர் மடியில் இருப்பாள். அவள் தலையைக் கையால் பொத்தியிருப்பார். என்னிடம், "நீ பெரியவ, தலையக் குனிஞ்சுக்க" என்பார். அவ்வளவுதான்.

ஒருநாள் பொறாமை தாங்காமல் எழுந்து, கூடத்து ஜன்னலருகே போய் நின்றேன். அப்பா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு குனிந்தபோது, கண்ணாடி உடைந்து அவர் தோளைக் கிழித்தது. உள்ளே மலர் தனியாக அழுதாள். இரத்தத்தைப் பார்த்துப் பயந்தேன். ஆனால் அந்த அழுகை எனக்கு இனித்தது.

அப்பா இப்போது மலர் வீட்டில் இருக்கிறார். இன்று காற்று வலுத்ததும் போன் செய்தார்.

"உள் ரூமுக்கு வந்துட்டியாம்மா?"

நான் முன்பே வந்து கதவைச் சாத்தியிருந்தேன்.

"இன்னும் இல்லப்பா" என்றேன், இன்னொரு தடவை கேட்கட்டும் என்று.