எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தபோது

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு ஷெட்டில் ஒரு பழைய ஜீப்பை நானே பிரித்துச் சரிசெய்து, பெரிய டயர்களும் மாட்டினேன். அந்தக் காலத்து ஜீப்பில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். முதல்நாள் மாலை அதில் பெட்ரோல் ஊற்றிவிட்டு, மறுநாள் காலை பூஜை வைத்தேன்.

கற்பூரத் தட்டுடன் ஷெட்டுக்குள் வந்த என் மனைவி நின்றுவிட்டாள். “என்னங்க, பெட்ரோல் வாடை தலைய சுத்துது.”

“பழைய வண்டின்னா அப்படித்தான். ஜல்தியா ஏத்து, நல்ல நேரம் போய்க்கினு இருக்குது” என்றேன். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. மாதக்கணக்கில் அதிலேயே கிடந்து மூக்கு மரத்துப்போயிருந்தது.

அவள் உரசிய தீக்குச்சி முறிந்தது. இன்னொன்றை எடுத்தாள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க நான் குனிந்தேன். தரையில் பட்ட விரல்கள் சில்லென்று நனைந்தன. டேங்க் குழாய் கசிந்து, சத்தமில்லாமல் அவள் காலடிவரை பெட்ரோல் பரவியிருந்தது.

“உரசாத” என்றேன். நனைந்த விரல்களைத் தூக்கிக் காட்டினேன். அதைப் பார்த்ததும் அவள் கையை இறக்கினாள்.

இப்போதெல்லாம் ஷெட்டைத் திறந்ததும் அவளைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்துகிறேன். வாடை இல்லை என்று அவள் சொல்லும்வரை லைட் சுவிட்சைக்கூடத் தொடுவதில்லை.