பல் படாத பன்னிரண்டு சிமிழ்

தளவாயைப் போல ஒரு வீம்புக்காரனை நான் தாராவியில் பார்த்ததில்லை. என் சைக்கிள் கடைக்கு அடுத்த அறைதான் அவன் கடைசல் பட்டறை. அதற்கு முன் ஒன்பது வருஷம் காட்கோபரில் ஒரு பட்டறையில் மில்லுக்கு மர பாபின் கடைந்தான். நூல் சுற்றிவிட்டால் பாபினில் தழும்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இவனோ மரத்தைக் கவ்விப் பிடிக்கும் இயந்திரத்தின் இரும்புப் பல் பதிந்த ஒவ்வொன்றுக்கும் மேஸ்திரியோடு மல்லுக்கு நின்றான். அறுபத்து நான்காம் வருஷம் வேலையை விட்டுவிட்டு வந்து இங்கே சொந்தமாகப் பட்டறை போட்டான்.

அவன் மனைவி ஆறுமுகத்தாய்க்குப் புதுப் பட்டறையில் நம்பிக்கை வரவில்லை. காட்கோபருக்கு அவன் சோறு கொண்டுபோன தூக்குவாளியைத் தினமும் கழுவி ஆணியில் மாட்டிவைத்தாள். என்றைக்காவது திரும்பிப் போகத்தானே வேண்டும் என்று அவளுக்குப் பயம்.

முதலில் கிடைத்த பெரிய வேலை ஜஹாங்கீர் சேட்டுடையது. கோட்டைப் பக்கம் கடை வைத்திருந்த பார்சிக்காரர். பன்னிரண்டு தேக்குச் சிமிழ். தழும்பில்லாமல் இருந்தால் மாதாமாதம் வேலை உண்டு. ஒன்றில் கீறல் தெரிந்தாலும் பன்னிரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சிமிழின் அடியைக் கடைய வேண்டுமானால் அதைக் கவிழ்த்து வாயைப் பிடிக்க வேண்டும். இரும்புப் பல் பிடித்தால் தழும்பு நிச்சயம். அதனால் தளவாய் மாமரத்தில் ஒரு கிண்ணம் கடைந்து இயந்திரத்தில் மாட்டி, அதற்குள் சிமிழின் வாயை இறுக்கமாகச் செருகினான். பதினொன்று அப்படியே முடிந்தன. அதற்குள் கிண்ணம் தேய்ந்து தொளதொளத்துவிட்டது. பாபின் பட்டறைப் பழக்கம் விடுமா? மரம் உப்பிப் பிடிக்கட்டும் என்று கிண்ணத்துக்குள் தண்ணீரைத் தடவிப் பன்னிரண்டாவதைச் செருகினான். அடியை அழகாகக் கடைந்தான். பிறகு நிம்மதியாக டீ குடிக்கப் போனான்.

திரும்பி வந்து இழுத்தால் சிமிழ் அசையவில்லை. மணி மூன்றரை. சேட் நாலு மணிக்கு வருவார். தளவாய் உளியை எடுத்ததும் நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னவே செய்யப் போறீரு? உளி பட்டா போச்சு."

"பின்ன என்ன செய்யச் சொல்லுதீரு, வெயிலுமுத்து? சேட்டு வந்துருவாருவே."

கிண்ணத்தைச் சிமிழோடு இயந்திரத்திலிருந்து கழற்றச் சொல்லி, அதன் பின்புறம் கைத்துரப்பணத்தால் மெதுவாக ஒரு துளை போடச் சொன்னேன். கடையிலிருந்து காற்றடிக்கும் பம்பைக் கொண்டுவந்து, அதன் குழாய் முனையில் பழைய டியூப் ரப்பரைச் சுற்றித் துளையில் அழுத்தினேன். ஆறுமுகத்தாய் எதிரே முந்தானையை விரித்து நின்றாள்.

நான்கு அடி அடித்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவதில் டப்பென்று சிமிழ் கழன்று அவள் முந்தானையில் விழுந்தது. தளவாய் அதைத் தொடப் பயந்து என்னைப் பார்த்தான். நான்தான் வாயைத் தடவினேன். வழவழவென்று இருந்தது. அப்பாடா என்று மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜஹாங்கீர் சேட் பன்னிரண்டையும் கவிழ்த்து, நிமிர்த்தி, விளிம்பு முழுக்க நகத்தால் தடவிப் பார்த்தார்.

"கஹான் பக்டா, தளவாய்?" என்றார். எங்கே பிடித்தாய் என்று கேட்கிறார். பிடித்த தழும்பு அவர் கைக்கு அகப்படவில்லை.

தளவாய் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த மாதத்துக்கு இருபது சிமிழ் சொல்லிவிட்டு சேட் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஆறுமுகத்தாய் தூக்குவாளியை ஆணியிலிருந்து இறக்கி, துடைத்து, அதில் துவரம்பருப்பைக் கொட்டி மூடினாள்.