கௌதாரிக் காட்டின் முறைக்காரர்கள்

எங்கள் கூட்டம் புண்ணியத்துக்காகத் தொடங்கியதல்ல. இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. கௌதாரிக் கறியில் ஆசையுள்ள மூன்று பேர் சேர்ந்து தொடங்கியது அது. ஒருவர், ரங்கூனிலிருந்து துப்பாக்கியோடு திரும்பிய செட்டியார். இன்னொருவர், பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கூவவிட்டு, அந்தக் குரலுக்குச் சண்டைக்கு வரும் காட்டுக் கௌதாரிகளைக் கண்ணியில் பிடித்து விற்கும் வேட்டைக்காரர். மூன்றாமவன் நான், செட்டியாரின் புது வீட்டுக் கட்டட வேலையை மேற்பார்த்த கணக்கப்பிள்ளை.

காரைக்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். ஊருக்கும் கண்மாய்க்கும் நடுவில் ஒரு செம்மண் கரடு. காரை, சூரை, கிளுவை என்று முட்புதர் அடர்ந்து, அடியில் புல் மண்டிக் கிடக்கும். அந்த நாளில் சுற்றுப்பட்டில் எங்கு பார்த்தாலும் பெரிய வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. சுவருக்குச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்பு சுடும் காளவாய்க்கு விறகு வேண்டும். அந்தக் கரட்டுக்கு வெட்டரிவாளோடு வண்டி அனுப்பியவர்களில் நானும் ஒருவன்.

தினமும் விடிகாலையில் அந்தக் காட்டோரமாகத்தான் வேலைக்கு நடப்பேன். எத்தனை இடத்தில் கௌதாரி கூவியது என்று நாட்குறிப்பில் ஒரு வரி எழுதுவேன். அதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. கேட்டதை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். ஒரு தை மாதம் பழைய குறிப்புகளைப் புரட்டியபோது, முன்பு ஏழு, எட்டு என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது இரண்டும் ஒன்றுமாக இருந்தது. செட்டியாரிடம் காட்டினேன். அவர் வேட்டைக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார். புதரெல்லாம் காளவாய்க்குப் போனால் பறவை எங்கே போய் முட்டையிடும் என்று அவர் எங்களையே திருப்பிக் கேட்டார்.

அந்தப் பங்குனியில் மூவரும் நாட்டார்களிடம் போனோம். சுற்றூர்ப் பொதுக் காரியங்களை முடிவு செய்யும் பெரியவர்கள் அவர்கள். கரடு அவர்கள் பொறுப்பில் இருந்தது. நெடுநேரம் பேசியபின் ஒரு வருஷம் தவணை கொடுத்தார்கள். அதுவரை அங்கே யாரும் வெட்டக் கூடாது. அடுத்த வருஷம் பங்குனியில் விடிகாலையில் அவர்களே வந்து கூவலைக் கேட்பார்கள். பறவை பெருகியிருந்தால் காடு எங்கள் பொறுப்பு. இல்லாவிட்டால் மொத்தமும் காளவாய்க்காரருக்கு.

காவலுக்குக் கூலியாள் வைக்கவில்லை. ஊர் ஆடுகளை மேய்க்க வீட்டுக்கு ஒரு நாள் என்று முறைக்கம்பு சுற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதையே எடுத்துக்கொண்டோம். காலையில் யார் வாசலில் கம்பு சாத்தியிருக்கிறதோ அந்த வீட்டார் அன்று காட்டைச் சுற்றி வரவேண்டும். சாயங்காலம் கம்பை அடுத்த வீட்டில் சாத்திவிடவேண்டும். சித்திரையில் கம்பு மூன்று வீட்டைத்தான் சுற்றியது. ஆடியில் பதினாலு. தை பிறந்தபோது முப்பத்தொன்பது. முன்பு விறகு வெட்டிய வீடுகளும் அதில் இருந்தன. செட்டியார் தம் முறை வந்தால் குடையோடு கரட்டில் உட்கார்ந்திருப்பார், ஆள் அனுப்பமாட்டார். பறவை சோடி சேர்ந்ததிலிருந்து குஞ்சு பறக்கிறவரை துப்பாக்கியும் இல்லை, கண்ணியும் இல்லை. அந்த மாதங்களில் வேட்டைக்காரர் எங்கள் கட்டடத்தில் கல் சுமந்தார். அவர் தொழிலே இந்தத் தவணையை நம்பி நின்றது.

மாசியில் என் கணக்கு ஒன்பது இடமாக ஏறியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பெரியவர்கள் வருகிறார்கள், காடு பார்க்க லட்சணமாக இருக்கவேண்டாமா என்று தோன்றியது. பதினைந்து நாள் கம்பு போன வீடுகளுக்கெல்லாம் காவலோடு துப்புரவு வேலையும் சொன்னேன். காய்ந்த புல்லை அறுத்தார்கள். சருகைக் கூட்டி அள்ளினார்கள். தரையில் படிந்த கிளைகளைக் கழித்துவிட்டார்கள். நடைபாதையின் இருபுறமும் கல் பதித்துச் சுண்ணாம்பு அடித்தேன். ஒரே ஒரு வீட்டில்தான் தகராறு. தென்மூலையை ஒட்டிக் குடியிருந்த, ஆடு வளர்க்கும் கைம்பெண் ஒருவர் காவல் மட்டும் பார்த்துவிட்டு, தம் பங்குக்கு வந்த அந்த மூலைத் துப்புரவைச் செய்ய மறுத்துவிட்டார். கேட்கப் போனேன்.

“கூட்டுறதுக்கு எனக்கு வீட்டு வாசலே கெடக்கு. காட்டைக் கூட்டச் சொன்னவுக வந்து கூட்டிக்கிறட்டும்” என்றார்.

முறை தவறியவர் என்று அவர் பெயரைக் குறித்துக்கொண்டேன். குறித்ததை அவரிடமே சொல்லவும் செய்தேன்.

மாமியார் ஊருக்குப் போயிருந்த வேட்டைக்காரர், நாட்டார்கள் வர மூன்று நாள் இருக்கையில் திரும்பினார். காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேராகக் கட்டடத்துக்கு வந்தார்.

“என்ன கணக்கப்பிள்ளை, காட்டுல யாருக்கும் கல்யாணமா?”

எனக்கு விளங்கவில்லை.

“பந்தல் ஒண்ணுதான் போடலை. கௌதாரி ஒளியுற புல்லையும் கெளையையும் வழிச்சு எடுத்துப்புட்டீக. பருந்துக்கு எலை போட்டு வச்ச மாதிரியில்ல இருக்கு. இனி அது எங்குட்டுப் போயி அடையும்?”

துப்புரவு நாட்களில் குரல் குறைந்தபோது ஆள் சத்தத்தால் என்று நினைத்திருந்தேன். மறுநாள் விடிகாலை பாதையில் நின்று கேட்டேன். ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. அள்ளிய சருகையெல்லாம் செட்டியார் வண்டி வைத்துத் திரும்பக் கொட்டினார். பறவைக்கு அந்த அவசரம் தெரியுமா?

அன்று சாயங்காலம் வேட்டைக்காரர் தம் கூண்டைத் துணி போட்டு மூடி எடுத்து வந்தார். “இதைப் புதருக்குள்ள வச்சுப்புடுவோம். நல்லாக் கூவும். அவுகளுக்கு என்ன தெரியப்போகுது?”

செட்டியார் என்னைப் பார்த்தார். வருஷம் முழுக்க முப்பத்தொன்பது வீடு வெயிலில் நின்றதை நினைத்தால், வை என்றுதான் வாயில் வந்தது. ஆனால் என் நாட்குறிப்பில் அதை என்னவென்று எழுதுவேன்? வேண்டாம் என்றேன். வேட்டைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. “அப்ப நாளையிலேருந்து நான் நெரந்தரமாக் கல்லு சொமக்குறவன்தான்” என்று சொல்லிவிட்டுக் கூண்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

விடியும்போது ஐந்து நாட்டார்களும் வெள்ளைக் கல் பாதையில் நின்றார்கள். எங்கள் முறைக்காரர்கள் எல்லாரும் பின்னால் நின்றார்கள். கிழக்கு வெளுத்தது. கண்மாயில் கொக்கு பறந்தது. கரட்டில் சத்தமே இல்லை. பறவை எங்கே என்று மூத்த நாட்டார் கேட்டார். நான் முன்னே போய் நடந்ததைச் சொன்னேன். நான்தான் கூட்டச் சொன்னேன், மற்றவர்கள் மேல் குற்றமில்லை என்றேன். அவர் அந்தச் சுண்ணாம்புக் கற்களை வரிசையாகப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

அப்போது கூட்டத்திலிருந்து அந்தக் கைம்பெண் சொன்னார்: “இங்குட்டு நின்னா எப்படிக் கேக்கும்? காத்து எதுத்து அடிக்குது. என் வீட்டுப் பக்கமா வாரீகளா?”

தென்மூலைக்குப் போக அரை நாழிகை ஆகியிருக்கும். பாதி வழியிலேயே முதல் குரல் கேட்டது. அதற்கு எதிர்க்குரல் வந்தது. கூட்டப்படாத அந்த மூலையில், இடுப்பளவு காய்ந்த புல்லுக்குள்ளிருந்து கௌதாரிகள் ஒன்றையொன்று அதட்டிக்கொண்டிருந்தன. மற்ற இடத்திலிருந்து ஓடியவையும் அங்கேதான் அடைந்திருக்கவேண்டும். பதினோரு இடம் எண்ணினேன். நாட்டார்களும் விரல் விட்டு எண்ணினார்கள். புல் விலகியது; தாய் ஒன்று குஞ்சுகளோடு எங்கள் எதிரிலேயே பாதையைக் கடந்து ஓடியது.

“முறை தவறுனவள்னு எழுதிக்கிட்டீகல்ல, இதையும் எழுதிக்கிருங்க” என்றார் அந்தப் பெண். முப்பத்தொன்பது வீட்டாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேட்டைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூத்த நாட்டார் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். “காடு இவுக பொறுப்பு. காளவாய்க்காரரு வேற எடம் பாத்துக்கிறட்டும்.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க கணக்கை மட்டும் பாருங்க” என்றார்.

வண்டி ஏறும் முன் அவர் வேட்டைக்காரரைத் தனியே அழைத்தார். தம் ஊரிலும் இப்படி ஒரு கரடு மொட்டையாகக் கிடப்பதாகவும், வந்து பார்த்துச் சொல்லமுடியுமா என்றும் கேட்டார். அடுத்த வாரமே வேட்டைக்காரர் போனார். நாட்டார் வீட்டிலேயே பதினைந்து நாள் தங்கி, எங்கே வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று ஊராருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். அது எங்கள் இரண்டாவது ஊர். இதை எழுதும் இன்று, ஏழு.