பெயரில் ஒரு சாய்கோடு

ஒரு லேபிளில் பெயர் எழுத உர்சுலா அக்கா முழுதாக ஒரு நிமிடம் எடுத்துக்கொள்வார். லேபிளை மேசை விளிம்போடு சேர்த்து நேராக்குவார். பேனா எழுதுகிறதா என்று பழைய காகிதத்தில் ஒருமுறை கிறுக்கிப் பார்ப்பார். பிறகு ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ‘உர்சுலா டி/ஓ லாசரஸ்’, அதாவது லாசரஸின் மகள் உர்சுலா என்று, அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுவார். சாய்கோட்டை மட்டும் கடைசிக்கு விட்டுவைத்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் போடுவார். டிஸ்க் லேபிளானாலும் குடையின் பிடியானாலும் அப்படித்தான்.

“உர்சுலான்னு மட்டும் போட்டா போதாதாக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஃபேக்டரியில ரெண்டு உர்சுலா இருந்தோம் தம்பி. அவ லீவு போட்டா எனக்கு ஆப்சென்ட் விழுந்துச்சு. அப்பா பேரு சும்மாவா இருக்கு? வேலை செய்யட்டுமே.”

அப்பா லாசரஸ் செம்பவாங் கடற்படைத் தளத்தில் சாமான் கிடங்குக் காவலர். வெள்ளைக்காரர்கள் தளத்தைக் காலி செய்தபோது ஒரே கடிதத்தில் வேலை போனது. அக்கா படிப்பை நிறுத்திவிட்டு ஜூரோங்கில் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனார். எண்பத்தைந்தில் ஆட்குறைப்பு வந்தபோது அவருக்கும் ஒரு கடிதம். அப்பா அதற்குள் இறந்துவிட்டார். பூன் லே பகுதியில் இருந்த வீட்டில் அம்மா மதலேனா மட்டும். மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்து, முப்பத்து நான்கு வயதில் எங்கள் கம்பெனிக்கு வந்தார்.

கம்பெனி என்பது டன்லப் தெருவில் தையல் மெஷின் கடைக்கு மேலே ஓர் அறை. முதலாளி அப்துல் முத்தலிப், நான், உர்சுலா அக்கா. கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடைகளுக்கு ஒரு மென்பொருள் எழுதி விற்றோம். எந்தக் கப்பல் எப்போது வந்தது, என்ன கேட்டது, கிடங்கில் என்ன இருக்கிறது என்று அது காட்டும். நான் எழுதுவேன். அக்கா டிஸ்க்குகளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்க் கடைக்காரரின் கம்ப்யூட்டரில் நிறுவிவிட்டு வருவார். அதற்கு அவரே ஒரு சின்னக் கட்டளைக் கோப்பு எழுதி வைத்திருந்தார். கறுப்புத் திரையில் வரிவரியாக ஓடும். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் பழைய தகவலை வேறிடத்தில் நகலெடுக்காமல் அது ஓர் அடி நகராது.

எண்பத்தெட்டு ஆகஸ்டில் இரண்டாம் பதிப்பு தயாரானது. நாற்பது கடைகளுக்குப் போக வேண்டும். கடைக்காரரே மென்பொருளை நிறுவிக்கொள்ள உதவும் ஒரு கருவியை முத்தலிப் எங்கிருந்தோ சோதனைக்கு வாங்கி வந்தார். வெளிநாட்டுச் சரக்கு. நீலத் திரையில் முதலில் பெயரைக் கேட்கும். கொடுத்தால் பெயர் சொல்லி வரவேற்கும். வேலை நடக்க நடக்க ஒரு மஞ்சள் பட்டை வளரும்.

“கஸ்டமரைப் பேரு சொல்லிக் கூப்பிடுது பாரு! தபால்ல அனுப்பிட்டாப் போதும், அவனே போட்டுக்குவான்” என்றார். பிறகு அக்காவைப் பார்க்காமல், “வெள்ளிக்கிழமை சாயந்திரம் வாங்குறோமா இல்லையான்னு சொல்லணும். வாங்கிட்டா... உர்சுலா, அடுத்த மாசத்தோட உங்க வேலைக்குத் தேவை இருக்காது. முன்னாலயே சொல்லிடுறேன்” என்றார்.

“சரி பாஸ்” என்ற அக்கா, லேபிள்களை அடுக்கத் தொடங்கினார். ஏற்கெனவே அடுக்கியிருந்தவற்றையே கலைத்து மறுபடி அடுக்கினார்.

வியாழக்கிழமை மதியம் மூவரும் கருவியைச் சோதித்தோம். முத்தலிப் நிறுவினார், சரியாக வந்தது. நான் நிறுவினேன், சரியாக வந்தது. அக்கா நிறுவினார். மஞ்சள் பட்டை முழுதும் வளர்ந்தது. திறந்து பார்த்தால், சோதனைக்காக நான் ஏற்றி வைத்திருந்த இருநூறு கப்பல்களில் ஒன்றுகூட இல்லை. வெற்றுப் பட்டியல்.

மறுபடி ஏற்றினேன். நான் செய்தால் இருந்தது. அக்கா செய்தால் போனது.

“மெஷினுக்கும் உங்க மேல கோபம் போல” என்று முத்தலிப் சிரித்தார். மூன்றாம் முறை சிரிக்கவில்லை. “உர்சுலா, எந்த கீயை அழுத்துறீங்க?”

“அது கேக்குறதைத்தான் பாஸ் குடுக்குறேன்.”

“எங்க ரெண்டு பேருக்கு அழியல. உங்களுக்கு மட்டும் அழியுது. நான் என்னன்னு நினைக்கிறது?”

அக்காவின் காது மடல் சிவந்தது. “நாளைக்குத் தஞ்சோங் பகார்ல ஒலி முகம்மது பாய் கடையில போட்டுப் பாக்குறதுக்கு முன்னாடி அங்க உள்ளதை ஒரு காப்பி எடுத்து வச்சுக்கலாமே” என்றார்.

“கூடாது. தபால்ல போனா யாரு வந்து காப்பி எடுப்பா? டெஸ்ட்னா டெஸ்ட். கஸ்டமரே போடட்டும். யாரும் கை வைக்கக் கூடாது.”

அன்று அக்கா ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டார். நான் கருவியின் கையேட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பேசத் தெரியாதவனுக்குப் படிக்கவாவது ஏதாவது வேண்டும்.

மறுநாள் பதினொரு மணிக்குத் தஞ்சோங் பகாரில் ஒலி முகம்மது பாயின் கடையில் நின்றோம். கயிறும் பெயின்ட் டின்களும் உச்சிவரை. மூன்று வருடக் கப்பல்கள் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. காகிதக் குறிப்புகளை ஈரத்தில் கறையான் தின்றுவிட்டதால்தான் பாய் கம்ப்யூட்டரே வாங்கினார்.

“ஜும்ஆ தொழுகைக்கு முன்னாடி முடிஞ்சுடுமா முத்தலிப்பு?”

“பத்து நிமிஷம் பாய். நீங்களே போடுங்க. நாங்க பாத்துட்டு நிப்போம்.”

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிஸ்க்கை உள்ளே தள்ளினார். நீலத் திரை வந்தது. பெயர் கேட்டது.

“பேரு அட்டையில உள்ள மாதிரியே போடவா?”

“எப்படி வேணும்னாலும் போடுங்க” என்றார் முத்தலிப்.

பாய் ஒற்றை விரலால் தேடித் தேடி அழுத்தினார். ஒலி முகம்மது. இடைவெளி. எஸ். பிறகு அந்த விரல் கீழே இறங்கிச் சாய்கோட்டைத் தேடியது. கண்டுபிடித்தது. அடுத்து ஓ. அடுத்து அப்பா பெயர் சேக் தாவூது, ஒவ்வோர் எழுத்தாக. விரல் என்டர் பக்கம் நகர்ந்தது.

“பாய், நிறுத்துங்க!”

உர்சுலா அக்காவின் உள்ளங்கை பாயின் விரலுக்கும் விசைப்பலகைக்கும் நடுவில் இருந்தது.

“கை வைக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?” முத்தலிப்பின் குரல் கடைக்கு வெளியே கேட்டிருக்கும். “வேணும்னே கெடுக்குறீங்க. வேலை போகுதுன்னு கஸ்டமர் முன்னாடியே நாடகமா?”

“அந்தக் கோடு பாஸ்.” அக்கா கையை எடுக்கவில்லை. “நானும் அதைப் போட்டேன். நீங்க போடல.”

முத்தலிப் என்னைப் பார்த்தார். அவர் கொடுத்த பெயர் ஏ.எம். நான் கொடுத்தது ராஜ். சிலுவைராஜ் என்று முழுதாக எழுதக்கூடக் கூச்சப்படுகிறவன் நான். கையேட்டை எடுத்துப் பின்பக்கங்களைப் புரட்டினேன். நீலத் திரையில் கொடுக்கும் பெயரைக் கருவி அப்படியே தன் நகலெடுக்கும் கட்டளையின் வாலில் ஒட்டுகிறது. அந்தக் கட்டளையில் சாய்கோட்டை அடுத்து வரும் எழுத்து ஓர் உத்தரவு.

“சாய்கோடு ஓ” என்று படித்தேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “ஏற்கெனவே இருக்கிறதுக்கு மேல, கேக்காம எழுது.”

எங்கள் டிஸ்க்கில் இருந்தவை வெற்றுப் பட்டியல்கள். அவைதான் பாயின் மூன்று வருடத் தகவலுக்கு மேலே எழுதப்பட்டிருக்கும்.

முத்தலிப் கையேட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

“எங்க வாப்பா பேரு உங்க மெஷினுக்கு ஆகாதா?” என்றார் பாய்.

“நாப்பது கஸ்டமர்ல எத்தனை பேருக்கு இந்த எஸ்/ஓ இருக்கும்?” என்று முத்தலிப் மெதுவாகக் கேட்டார்.

“இருபத்தேழு” என்றார் அக்கா. கடைக்காரர்களுக்குப் போகும் லேபிளில் அவர்கள் பெயரை எழுதுகிறவரும் அவர்தானே.

சாயந்திரம் கருவி திரும்பிப் போனது. “உங்க கறுப்புத் திரையே போதும்” என்றார் முத்தலிப். முந்தின நாளும் பாய் கடையிலும் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் சுபாவம் அது. திங்கள்கிழமை முதல் அக்கா பஸ் ஏறினார். ஐந்து வாரத்தில் நாற்பது கடையும் முடிந்தது. அக்காவின் வேலையும் நிலைத்தது.

அடுத்த ஆண்டு நோன்புப் பெருநாளுக்குப் பாய் வீட்டுக்குப் போயிருந்தேன். ரெண்டாங் இறைச்சித் தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே பாய் சொன்னார்.

“அந்தப் பொண்ணுக்குத் தைரியம் ஜாஸ்திப்பா. மொத நாள் சாயந்திரமே கடைக்கு வந்துருச்சு. ‘பாய், முத்தலிப் சார்கிட்ட மட்டும் சொல்லாதீங்க’ன்னுச்சு. எல்லாத்தையும் ஆறு டிஸ்க்குல எடுத்துருச்சு. மறுநாள் உங்களோட வந்தப்ப அதோட பையில அதுதான் இருந்துச்சு. திங்கக்கிழமை என்கிட்டயே கொண்டாந்து குடுத்துருச்சு.”

அன்று பாய் என்டரை அழுத்தியிருந்தாலும் அவருக்கு எதுவும் போயிருக்காது. வெற்றுப் பட்டியலைப் பார்த்து முத்தலிப்தான் வாயடைத்துப் போயிருப்பார். அக்கா வெறுமனே நின்றிருந்தால் போதும்.

அலமாரியைத் திறந்து பாய் டிஸ்க்குகளைக் காட்டினார். ஆறு லேபிள்களிலும் அக்காவின் முழுப் பெயர் இருந்தது, சாய்கோட்டோடு.